ஒன்பது நாளில் தேய்ந்த கார்பன்

புதுக் கார்பன் போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் வேக்குவம் கிளீனர் மறுபடியும் விக்கத் தொடங்கிவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் அக்கா என்று பெயரெடுத்தவளுக்கு, சொந்த வீட்டு மெஷினே இப்படி முகத்தில் கரி பூசுவது மானப் பிரச்சினையாக இருந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பாட்டு மேஜையில் பழைய துணியை விரித்து, மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, மோட்டாரின் இரண்டு பக்கத்து மூடிகளையும் கழற்றினாள். கருகிய பிளாஸ்டிக் வாசனையோடு ஸ்பிரிங் துள்ளி விழுந்தது. அதன் முனையில் இருந்த கார்பன் துண்டு நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மறுபக்கத்துத் துண்டும் அப்படியே. சுழலும் செம்பு வளையத்தை உரசி மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது இந்த இரண்டு துண்டுகள்தான். இவை இல்லாவிட்டால் மெஷின் வெறும் டப்பா. ஓடினால்தான் தேயும், சும்மா கிடந்தால் தேயாது. தினம் கால் மணி நேரம் ஓட்டினால் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் வரும். ஒன்பது நாளில் இப்படித் தேய வேண்டுமென்றால் ராப்பகலாக யாரோ ஓட்டியிருக்க வேண்டும்.

அவள் ஓட்டுவது காலையில் மட்டும், மகளின் அறையில் மட்டும். ஆறு வயது சிட்டுவுக்குத் தூசி என்றாலே ஆகாது, மூச்சு இளைக்கும். மூன்று வருஷமாக இரவெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தே படுத்துப் படுத்து அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் குடியேறிவிட்டது. கணவன் கப்பலில் இருந்தான். ஃபோனில் மட்டும் அக்கறையாக இருப்பான்.

புது ஜோடிக் கார்பனை அவள் எடுத்து வைத்தபோது சிட்டு எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எத்தனை உறுதியாகத் தெரிந்தாலும் பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பழையதைக் கழிக்கக் கூடாது என்பது அம்மாவின் தொழில் பழக்கம். மகளுக்கு அது விளையாட்டு.

"எது புதுசு?"

சிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, நிதானமாக நீளமானதைத் தொட்டாள்.

"அப்போ பழச என்ன பண்ணணும்?"

"டப்பால போடணும்."

துருப்பிடித்த பிஸ்கட் டப்பா அது. இத்தனை வருஷத்துத் தேய்ந்த பாகங்களும் அதில்தான் கிடந்தன. சிட்டு அதை ஒரே மூச்சில் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போதெல்லாம் இளைப்பே இல்லை. மூச்சுக்கு மருந்தடிக்கிற பம்பைக் கையில் எடுத்தே ஒன்பது நாள் இருக்கும்.

ஒன்பது நாள். அவள் கை துணிமேல் நின்றுவிட்டது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனாரைக் கேட்டாள். உட்கார இடமில்லை என்றால் தலையணையை நகர்த்தாமல் அதன்மேலேயே உட்காருகிற ரகம் அவள். மெஷினைத் தொட்டிருப்பாள் என்று நம்புவதற்கில்லை. ஆனாலும் கேட்டாள்.

"நான் எதுக்கு ஓட்டணும் அண்ணி? அதான் நீங்களே தினம் மத்தியானம் வந்து ஓட்டுறீங்களே."

இவள் சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"பாப்பா தூங்குற நேரத்துக்கு வருவீங்க. முதுகுதான் தெரியும், உங்க வேலைக் காக்கி கோட்டு. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீங்க. ஏதோ வேலைக் கடுப்புன்னு நானும் விட்டுடுவேன்."

டீவி பார்த்துக்கொண்டே தூங்கியவள் கனவு கண்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, புதுக் கார்பனை மெஷினில் போடாமல், பழையது புதியது எல்லாவற்றையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரின் மூடிகளை மட்டும் மூடினாள். இனி யார் ஸ்விட்சைத் தட்டினாலும் அது ஓடாது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலையும் ஓடவில்லை. நல்ல மோட்டார் ஒன்றைக் கருக்கிவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டு மணிக்கே கிளம்பினாள். வெயில் தெருவில் அப்பட்டமாக அடித்துக்கொண்டிருந்தது. பயப்படுவதற்கான நேரமே இல்லை அது. மாடிப்படி ஏறும்போது மட்டும் ஏனோ மூச்சு வாங்கியது. நின்று நின்று ஏறினாள்.

கதவைத் திறந்தாள். சோபாவில் நாத்தனார் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல் டீவி ஓடிக்கொண்டிருந்தது, திரைச்சீலையின் ஓரமெல்லாம் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக, சிட்டுவின் அறைப் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது, சமையலறையில் குழாய் சொட்டுகிற ஓசைக்கும் சுவர்க்கடிகார ஓசைக்கும் அடியில், அவள் காது ஏற்கனவே பிடித்துவிட்டிருந்தும் மனசு ஒத்துக்கொள்ளாமல் தள்ளி வைத்திருந்த அந்தச் சத்தம் இருந்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

விக்கல் இல்லை. இழுவை இல்லை. புதுக் கார்பன் போட்ட மோட்டாரின் சுத்தமான சத்தம். கோட்டுப் பைக்குள் கை விட்டாள். நான்கு துண்டுகளும் இருந்தன.

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. வாசலருகே தரையில் பிஸ்கட் டப்பா. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, யாரோ சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

ஒரு முதுகு. காக்கி கோட்டு. அவளுடைய கொண்டை, அவளுடைய கிளிப். கோட்டில் மட்டும் கிரீஸ் கறை இல்லை. முழங்கை நைந்திருக்கவில்லை.

கட்டிலில் சிட்டு விழித்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. மெஷினின் குழாய் அவள் நெஞ்சின்மேல் மெதுவாக, பழகிய கையாக, போய் வந்துகொண்டிருந்தது. சிட்டு கூச்சத்தில் சிரித்தாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. கதவைத் தள்ளினாள். "சிட்டு" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. மூன்று வருஷமாக இரவெல்லாம் அவள் காது கொடுத்துக் கேட்ட அதே இளைப்பு.

மெஷின் நின்றது.

அது திரும்பியது.

அவள் முகம்தான். கருவளையம் இல்லாத முகம். சிட்டுவுக்கு நோய் வருவதற்கு முன்னால் அவள் கண்ணாடியில் பார்த்த முகம்.

அது நிதானமாக வந்து அவள் பக்கத்தில் நின்றது. தோளோடு தோள். இருவரும் கட்டிலைப் பார்த்தபடி.

"எது புதுசு?" என்றது. அவள் குரல்.

சிட்டு எழுந்து உட்கார்ந்தாள். இவளைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். மறுபடி இவளை. அவசரமே படவில்லை.

வேண்டாம்மா. அம்மாடா. நான்டா. ஒன்றும் வெளியே வரவில்லை. இளைப்பு மட்டும்.

சிட்டுவின் விரல் நீண்டது. அவளை நோக்கி இல்லை.

"அப்போ பழச என்ன பண்ணணும்?"

ஒரே மூச்சில் சொன்னாள். "டப்பால போடணும்."

பக்கத்தில் இருந்தது குனிந்து, இரண்டு விரலால், வலிக்காமல், அவளை எடுத்தது.

தகரம். குளிர்ச்சி. கரி வாசனை. சுற்றிலும் சுவர்.

மேலே, எட்டாத உயரத்தில், வட்டமான வெளிச்சம். அதில் சிட்டுவின் முகம் எட்டிப் பார்த்தது. கன்னம் சிவந்து, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு.

பிறகு மூடி வந்தது.