உள்ளே ஆள் இருக்கா?

அந்தப் பெரிய நிறுவனத்தின் நிதிப் பிரிவில் அவள் அப்ரெண்டிசாகச் சேர்ந்து ஆறு மாதம் ஓடியிருந்தது. பில்களைச் சரிபார்ப்பது, சரிபார்த்ததை இன்னொருவருக்காக மறுபடி சரிபார்ப்பது, இதுதான் வேலை. அவளுக்கு இடம் கிடைத்ததைச் சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்த அக்கா, தினமும் ஃபோனில் ஓதுவாள்: "நிரந்தரம் ஆகிற வரைக்கும் எதுக்கும் முடியாதுன்னு சொல்லிடாதடி."

அவளும் சொன்னதில்லை.

தணிக்கை நடந்த வாரத்தில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மேலாளர் கூப்பிட்டார்.

"கீழ ஆவண அறையில கடைசி அலமாரி. பழைய வவுச்சர் பெட்டி ஒண்ணு இருக்கும். ஆடிட்டர் காத்துட்டு இருக்காரு, சட்டுனு எடுத்துட்டு வாம்மா."

அட்டெண்டர் அண்ணன் கூடவே வந்து கதவைத் திறந்துவிட்டார். ஜன்னலே இல்லாத நீண்ட அறை. ஆளுயரத்தைத் தாண்டிய இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தின் மேல் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றன. நடுவில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. ஒவ்வொரு அலமாரியின் முகப்பிலும் ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் அலமாரிகள் நகரும். வேண்டிய இடத்தில் சந்து திறக்கும், இருந்த சந்து மூடிக்கொள்ளும்.

"சுத்துறதுக்கு முன்னாடி, உள்ள ஆள் இருக்கான்னு ஒரு குரல் குடுத்துடும்மா. நசுங்கிடப் போறாங்க."

"நீங்க வரலையாண்ணா?"

"மேல டீ குடுக்கணும்மா." வாசற்படியைத் தாண்டாமலே அவர் திரும்பிவிட்டார்.

பழைய காகிதமும் துருவும் கலந்த வாடை. அதற்கு நடுவே, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி சோப்பு மணம். அவள் சக்கரத்தில் கை வைத்தாள்.

"உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கேன்."

பெண் குரல். இளங்குரல். சந்துக்குள்ளிருந்து வந்தது.

வேறு பிரிவு ஆளாக இருக்கும் என்று ஒதுங்கி நின்றாள். காத்திருந்தாள். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தைச் சுவர் வரை அடித்தாள். இரண்டு பக்கமும் பெட்டிகள். முடிவில் வெறும் சுவர்.

செல்போன் அதிர்ந்தது. மேலாளர்.

"என்னம்மா, அங்கேயே தங்கிட்டியா? ஒரு பெட்டி எடுக்க இவ்வளவு நேரமா? உன்னை நம்பி எப்படிம்மா நிரந்தரம் பண்றது?"

"இதோ வந்துட்டேன் சார்."

மறுபடியும் கேட்டாள், இந்த முறை கெஞ்சுகிற குரலில்.

"உள்ள... ஆள் இருக்கா?"

"இருக்கேன். இருக்கேங்க."

அவள் சக்கரத்தைச் சுற்றினாள்.

உள்ளே யாரும் இல்லை என்று கண் சொன்னது, இருக்கிறார்கள் என்று காது சொன்னது, அவள் கண்ணை நம்பினாள். அவ்வளவுதான். அலமாரிகள் முனகிக்கொண்டே நகர்ந்தன. சந்து மூடப்போகிற நேரத்தில் சக்கரம் ஒரு கணம் இறுகியது.

எதிலோ முட்டிய இறுக்கம் அல்ல. மெத்தென்ற இறுக்கம்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். மூடிக்கொண்டது. கடைசி அலமாரிக்கு முன்னால் புதுச் சந்து திறந்தது. உள்ளே ஓடினாள். மேல்தட்டில் இருந்த பெட்டியை எடுக்க இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அப்போது வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. நிதானமாக, மரியாதையாக.

"உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கேன்!" என்று அலறினாள். "இருக்கேன், சுத்தாதீங்க!"



"நானும் அதைத்தான் சொன்னேன்."

அலமாரி நகர்ந்தது.

அவள் சந்தின் வாயை நோக்கிப் பாய்வதற்குள் தோள் மாட்டிக்கொண்டது. முன்னாலும் இரும்பு, பின்னாலும் இரும்பு. காலால் ஸ்டூலை உதைத்து நடுவில் குறுக்கே தள்ளினாள். ஸ்டூல் கிரீச்சிட்டு வளைந்தது. சோப்பு மணம் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மூச்சு விட்டால் நெஞ்சு இரும்பில் இடித்தது. பாதி பாதியாக மூச்சு விட்டாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. அட்டெண்டர் அண்ணன் தேடி வந்து சக்கரத்தைத் திருப்பி அவளை வெளியே இழுத்துப் போட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணா, யாரு அது?"

"எழுந்திரும்மா. முதல்ல வெளிய வா."

அவளை வெளியே நிறுத்திவிட்டு அவர் அறையைப் பூட்டினார். மேலாளரோ பெட்டி எங்கே என்றுதான் கேட்டார்.

ஓடிவிடலாம் என்றுதான் அன்று வீட்டுக்குப் போனாள். "ஏதோ மிஷின் கோளாறுடி, இதுக்காக வேலையை விடுவாங்களா?" என்றாள் ஃபோனில் அக்கா. வருடக் கடைசியில் வேலை நிரந்தரமானது. எல்லாரும் கை குலுக்கினார்கள். கீழே மூடிக்கொண்ட அந்தச் சந்தை நினைக்காமல் ஒரு நாளும் அவளால் தூங்க முடியவில்லை. தன் கைதான் சுற்றியது.

பிறகு ஆவணங்கள் எல்லாம் கணினிக்குப் போயின. அலமாரிகளைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வைக்கு மேலாளர் அவளைத்தான் அனுப்பினார். அவள் வாசலிலேயே நின்றாள். தலைமை வேலையாள் அவளிடம் வந்தார்.

"மேடம், உள்ள ஒரு பொண்ணு நிக்குது. கேட்டா இருக்கேன்னு சொல்லுது, வெளிய வர மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் சொல்லுங்க. எங்களுக்கு வேலை நடக்கணும்ல."

அவள் உள்ளே போனாள். சந்துக்கு முன்னால் வெறும் இருட்டைப் பார்த்து நின்றாள்.

"வாங்க," என்றாள். "யாரும் சுத்த மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். அன்னைக்கு நான் பண்ணது தப்பு. வெளிய வந்துடுங்க."

அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் சந்தின் வாயில் நின்ற வேலையாட்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"பாத்து வாம்மா, கீழ கம்பி கிடக்கு," என்றார் தலைமை வேலையாள் கனிவாக.

அவள் நெஞ்சிலிருந்து பெருமூச்சு ஒன்று வெளியேறியது. "போயிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"எங்க போனாங்க? உங்க கையைப் பிடிச்சுட்டுதானே நிக்கிறாங்க."

அவள் கையை இழுத்துப் பார்த்தாள்.

வரவில்லை.