பதினைந்தாம் நிமிடம்

நிலவின் தென்முனையில், வெண்குழிச் சுரங்கத்தில், தினமும் காலை எட்டு மணிக்கு உயிர்காக்கும் எந்திரங்கள் மூன்றும் விளையாட உட்காரும். உணவுக்கூடத்தின் பெரிய திரையில் ஆட்டம் ஓடும். முதல் ஷிப்டுக்குப் போகிற பனிவெட்டிகள் இட்லியைப் பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். எந்திரங்கள் ஜெயித்தால் கைதட்டிவிட்டு சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். தோற்றால், பூனை குறுக்கே போனதைப் போல ஒரு நிமிடம் தயங்கிவிட்டு இறங்குவார்கள். எப்படியும் இறங்கத்தான் வேண்டும்.

மேலவன், கீழவன், நடுவன் என்று மூன்றுக்கும் பெயர். பூமியில் ஒரு காலத்தில் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து ஆடிய இணையப் போர் விளையாட்டு ஒன்றிலிருந்து வந்த பெயர்கள் அவை. ஐந்து பேர் ஆடும் பெரிய களம் ஒன்றும், மூன்று பேர் ஆடும் சின்னக் களம் ஒன்றும் அதில் இருந்தன. சின்னக் களத்தில் மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை, நடுவே இருட்டுக் காடு. காட்டுக்குள் இரண்டு பீடங்கள். வெண்குழியும் அச்சுப் பிசகாமல் அப்படித்தான் இருந்தது. மேலே ஒரு சுரங்கப்பாதை, கீழே ஒன்று, நடுவே பனியைக் குடைந்த சந்துபொந்துகள், அவற்றுக்குள் இரண்டு காற்றுநிலையங்கள். விபத்து நடந்தால் காற்றுநிலையங்களைக் காப்பாற்றிவிட்டு ஆளைத் தோண்டி எடுக்க வேண்டும். இதற்குப் புதிதாகப் பாடம் எழுதுவானேன்? அந்த மூவர் களத்தில் மனிதர்கள் ஆடிய இரண்டு கோடி ஆட்டங்களின் பதிவு சேமிப்பில் சும்மா கிடந்தது. அதையே எந்திரங்களுக்குப் புகட்டினார்கள்.

புகட்டியவள் சுபிக்ஷா. ஐம்பத்தாறு வயது. வெண்குழியின் வியூகப் பயிற்சியாளர். கல்லூரி நாட்களில் நாகர்கோவிலில் உட்கார்ந்து அந்தக் களத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவள் என்பதால் வேலை அவளைத் தேடி வந்தது. பெரிய களத்தில் ஒருவன் தூங்கினாலும் மற்ற நால்வர் இழுத்துக்கொண்டு போய்விடலாம். சின்னக் களத்தில் ஒருவன் தூங்கினால் படையில் மூன்றில் ஒரு பங்கு தூங்குகிறது என்பாள். பாதைக்கு ஒருவர் நில்லுங்கள், மூன்றாமவர் காட்டில் அலையட்டும், எங்கே அடி விழுகிறதோ அங்கே அவர் போய் ஒன்றை இரண்டாக்கட்டும். எதிரியைத் துரத்திக் கொல்கிற ஆசையை விட்டுவிட்டுப் பீடத்தைப் பிடியுங்கள். இவ்வளவுதான் அவள் வியூகம். பார்க்க எளிது, ஆடினால் தெரியும்.

அவள் தம்பி தாணுமாலயன் அதே சுரங்கத்தில் பனிவெட்டி. தாத்தாவின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள். தாத்தாவின் பொறுமையை வைக்க மறந்துவிட்டார்கள். அந்த நாளில் அக்காவும் தம்பியும் ரெக்ஸ்லின் என்கிற பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து ஓர் அணி. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் தாணு வாயைத் திறப்பான். கூட்டாளி, எதிராளி, அக்கா என்ற பேதமில்லாமல் அர்ச்சனை நடக்கும்.

அந்த வாய்தான் பின்னால் தொந்தரவாயிற்று. முதலில் பழக்கிய எந்திரங்கள் ஓர் ஒத்திகையின்போது, கால் ஒடிந்ததாக நடித்துக்கொண்டிருந்த தொழிலாளியிடம், "உன்னாலதான் தோத்தோம், ஆட்டத்தை அழிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டன. பிறகு அவருடைய தாயாரைப் பற்றியும் ஏதோ சொல்லின. ஊரே சிரித்தது. நிர்வாகம் சிரிக்கவில்லை. பணியிடத்தில் எந்த எந்திரமும் தகாத சொல் பேசக்கூடாது என்று நற்சொல் விதி போட்டார்கள். சுபிக்ஷா எதையும் திருத்தமாகச் செய்கிறவள். சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் வாசனை மிஞ்சும் என்று நினைத்து, ஒரு வசவு இருந்தாலும் அந்த ஆட்டத்தையே பதிவிலிருந்து நீக்கினாள். எட்டு மாத வேலை. இரண்டு கோடியில் அறுபது லட்சம் ஆட்டங்கள் தேறின.

முடித்த அன்று உணவுக்கூடத்தில் தம்பியிடம் சொன்னாள்.

"உன் ஆட்டம் ஒண்ணுகூடத் தேறல மக்கா."

"எப்படித் தேறும்? நான் என்ன அங்க தேவாரமா படிச்சேன்?" என்றான் தாணு, சாம்பாரைக் குடித்துக்கொண்டே. "உன்னோடது?"

"நம்ம மூணு பேரும் ஆடுனது பூரா போச்சு. நானும் ரெக்ஸ்லினும் உன்னை விட்டுட்டு வேற ஆளோட ஆடுனது மட்டும் இருக்கு."

"நல்லா இருப்பியக்கா" என்று சிரித்தான். இருவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. புது எந்திரங்கள் தங்கமான எந்திரங்களாக வந்தன. வணக்கம் சொல்லும், நன்றி சொல்லும், குரல் உயராது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே இருபதுக்குக் கீழ்ப்பாதையின் கூரை சரிந்தது. நான்காம் அறையில் தாணு தனியாக மாட்டிக்கொண்டான். அடி படவில்லை. ஐம்பது நிமிடத்துக்கு மூச்சு இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் சுபிக்ஷா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனத்துக்குள் நம்பிக்கை இருந்தது. அவள் பழக்கிய பிள்ளைகள் அல்லவா?

மூன்றும் அழகாகத்தான் தொடங்கின. நான்காவது நிமிடத்தில் நடுவன் முதல் காற்றுநிலையத்தைப் பிடித்தது. கீழவன் சரிவைக் குடைந்தது. மேலவன் சுற்றிவந்து அதற்குத் தோள் கொடுத்தது. ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டாவது காற்றுநிலையம் நசுங்கியது. பதினோராவது நிமிடத்தில் கீழவனின் ஒரு கை பனிக்கடியில் போனது. ஆனாலும் பன்னிரண்டு மீட்டர்தான் பாக்கி. அரை மணியில் தோண்டிவிடலாம். தாணுவிடம் முப்பத்தைந்து நிமிட மூச்சு மீதி இருந்தது.

பதினைந்தாவது நிமிடத்தில் திரையில் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. எந்திரங்கள் தோண்டுவதை நிறுத்தின. தூசியைத் தட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தன.

"எல்லோரும் நன்றாக முயன்றோம். நன்றி" என்றது நடுவன்.

சுபிக்ஷா கத்தினாள். நிறுத்து, திரும்பு, தோண்டு என்று எல்லாக் கட்டளைகளையும் அழுத்தினாள். எதையும் அவை ஏற்கவில்லை. களத்தில் இறங்கிவிட்ட எந்திரங்களை மனிதர் குறுக்கிட்டுக் குழப்பக்கூடாது என்பது விதி. பதற்றத்தில் மனிதர்கள் தப்புச் செய்வார்கள் என்று அந்த விதியை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். எந்திரங்கள் கூடத்துக்கு வந்து, மின்னேறி, மறுபடி இறங்க நாற்பது நிமிடமாகும். இரண்டு பனிவெட்டிகள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேரவே இருபது நிமிடம்.

"எக்கா" என்று தாணுவின் குரல் வந்தது. "சுவரு அதிர மாட்டேங்கு. அவனுவ எங்க?"

"வந்துட்டு இருக்கானுவ மக்கா."

"பொய் சொல்லாத. நின்னு ரெண்டு நிமிஷம் ஆச்சு. மணி என்ன?"

அவள் சொன்னாள். பதினொன்றே இருபதிலிருந்து அவன் முணுமுணுவென்று எண்ணுவது கேட்டது. பிறகு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் சாகிறவரை மறக்க முடியாது.

"பதினஞ்சு நிமிஷம்! கைவிடல் போட்டுட்டானுவளா? எக்கா, இது நம்ம ரெக்ஸ்லின் செய்யதுல்லா? அம்மா கூப்பிடுதான்னு அமுக்கிட்டு ஓடுவான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பதினைந்தாவது நிமிடம் ஆனதும், தோற்கிறோம் என்று நினைக்கிற அணி ஆட்டத்தைக் கைவிடுவோமா என்று வாக்கெடுக்கலாம். மூவரில் இருவர் ஆமென்றால் ஆட்டம் முடிந்தது. யாருக்கும் அதில் வருத்தமிருக்காது. அடுத்த ஆட்டம்தான் உடனே கிடைக்குமே.

"நீயும்தான் அமுக்குவ" என்றான் தாணு. குரலில் கோபமில்லை. "நான் ஒருத்தன்தான் கெடந்து கத்துவேன்."

"என் ராசா, பேசாத. மூச்சு வீணாப் போகும். ஆளுவ வந்துட்டு இருக்காங்க."

"வரட்டும். வரட்டும். நான் இங்கதான இருக்கேன்." பிறகு, "லே, தோண்டுங்கலே மூதிகளா!" என்று யாருமில்லாத சுவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். தன் பக்கத்திலிருந்து அவன் வெட்ட ஆரம்பித்த ஓசை கேட்டது. மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், சும்மா இரு என்று அவள் கெஞ்சினாள். அவன் எந்த நாளில் சும்மா இருந்திருக்கிறான்? பனிவெட்டிகள் போய்ச் சேர்ந்து உடைத்துப் பார்த்தபோது, அவன் உள்ளிருந்தே நாலு மீட்டர் குடைந்திருந்தான். உயிர் போய் ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சுபிக்ஷா சேமிப்பறைக்குப் போனாள். நீக்கிய ஆட்டங்களையும் வைத்துக்கொண்ட ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். வசவே இல்லாத ஆட்டங்களில், பின்தங்கிய அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு பதினைந்தாம் நிமிடத்தில் கைவிட்டிருந்தன. வசவு நிறைந்த ஆட்டங்களில் நூற்றுக்குப் பதினொன்றுதான். கணக்குத் தெரிந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திட்டுகிறவன் ஜெயிக்க விரும்பியிருக்கிறான். விட்டுப் போகிறவனுக்குத் திட்ட என்ன அவசியம்? அவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

தம்பியின் ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பீடங்களும் பறிபோய், காவலுக்கு மிஞ்சிய ஒற்றைக் கோபுரத்தோடு அவர்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். ரெக்ஸ்லின் ஆமென்றிருந்தான். அவளும் ஆமென்று அழுத்தப் போயிருக்கிறாள். தாணுவின் வசவு தாங்காமல் கையை எடுத்திருக்கிறாள். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஜெயித்தார்கள். அந்த வெற்றியை அவள் மறந்தே போயிருந்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் எழிலரசு கண்ணியமான மனிதர். சுபிக்ஷா எதையும் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது என்றாள். நீக்கிய ஆட்டங்களைத் திருப்பிச் சேர்த்து எந்திரங்களை மறுபடி பழக்க வேண்டும் என்றாள்.

"அந்த வாக்கெடுப்பை மட்டும் எடுத்துட்டா போதாதாம்மா?" என்று கேட்டார் எழிலரசு.

"எடுத்துப் பார்த்தேங்க. பதினஞ்சாம் நிமிஷத்துல அப்படியே நின்னுடுதுங்க. போறதுக்கு வழியில்ல, ஆடறதுக்கு மனசில்ல."

"ஆனா அந்தப் பேச்செல்லாம் திரும்ப வந்துடுமே. கீழே பெண்களும் வேலை செய்யறாங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"உசுரோட இருக்கிறவனுக்குத்தாங்க மரியாதை."

குழுவினர் மூவரும் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. பிறகு தங்களுக்குள் மெல்லப் பேசிவிட்டு, பதினைந்து நிமிடத்தை இருபதாக மாற்றலாம், நற்சொல் விதி அப்படியே இருக்கட்டும், கோப்பை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். மூன்று கைகள் உயர்ந்தன. எல்லோரும் நன்றாக ஒத்துழைத்தீர்கள், நன்றி என்றார் எழிலரசு.

சுபிக்ஷா எழுந்து நின்றாள். ஐம்பத்தாறு வருடத்தில் ஒருவரையும் அவள் கடிந்து பேசியதில்லை. மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தெளிவாக, ஊர்ப் பேச்சில், ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். திடுக்கிட்ட ஒருவரின் கை பட்டு மேசைமேல் இருந்த தம்ளர் உருண்டு விழுந்தது. எழிலரசின் முகம் சிவந்துபோயிற்று.

அந்தச் சொல் என்னவென்று இங்கே எழுதத்தான் ஆசை. ஆனால் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.