முள்ளுக்குள் ஓக் கன்றுகள்

பிரினாவின் அப்பா லோய்ஸேவுக்கு எதுவும் அலங்கோலமாக இருக்கக் கூடாது. விறகைக்கூடக் கோடு போட்டதுபோல அடுக்குவார். ஸ்லோவேனியாவில் பாதிப் பேர் அப்படித்தான்.

சில வருஷங்களுக்கு முன் பெய்த உறைபனி மழையில், பனிக்கட்டியின் பாரம் தாங்காமல், அவர்கள் காட்டில் பெரிய மரங்கள் எல்லாம் முறிந்து விழுந்தன. அந்த இடத்தில் அப்பா ஆசையாசையாக ஓக் கன்றுகள் நட்டார். சுற்றிலும் ஒரு புல்கூட விடாமல் வெட்டினார். மான்கள் வந்து நுனிகளை மென்றுவிட்டுப் போயின. மறுபடி நட்டார், மறுபடியும் அதே கதை. இப்போதெல்லாம் அப்பா சாப்பிடும்போது பேசுவதே இல்லை. பிரினாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை, புதர் வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அப்பா கிளம்பினார்.

"அந்த ஓரத்து முள்ளுப்புதர்தான் பாக்கி. அதையும் வழிச்சுடறேன். பக்கத்து வீட்டு மிலான் வேற கேலி பண்றான்."

"கொஞ்சம் இருங்கப்பா. ஜாமுக்குப் பழம் பறிச்சுக்கறேன்."

பிரினா வாளியோடு புதருக்குள் தவழ்ந்து போனாள். உள்ளே ஒரு ஓக் கன்று அவள் இடுப்பு உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னும் சில. ஒரு இலைகூடக் கடிபடவில்லை.

அப்போது அவள் பின்னல் முள்ளில் மாட்டியது. அவளே எடுத்துவிடலாம். ஆனால், கன்றுகளைப் பற்றிச் சொன்னால் அப்பா நம்பமாட்டார். நேரில் பார்க்க வேண்டும்.

"அப்பா, முடி மாட்டிக்கிச்சு. உள்ள வாங்க."

"பழம் பறிக்கப் போனியா, முடி வெட்டிக்கப் போனியா?" அப்பா முனகிக்கொண்டே தவழ்ந்து வந்தார். கன்றுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இங்க நான் நடவே இல்லையே, பிரினா."

"நீலச் சிறகுப் பறவை ஓக் கொட்டைய இங்க ஒளிச்சு வைக்குது. நானே பார்த்தேன். அப்புறம் மறந்துடும்போல, நீங்க கண்ணாடிய வெச்ச இடத்தை மறக்கற மாதிரி."

"சரி, மான் ஏன் இதை விட்டுவெச்சுது?"

"உங்க மூக்கைத் தொட்டுப் பாருங்கப்பா."

அப்பா தொட்டுப் பார்த்தார். மூக்கில் நீளமாக ஒரு முள் கீறல். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பிரினா தானே பின்னலை முள்ளிலிருந்து எடுத்துவிட்டாள்.

மெஷின் கொட்டகைக்குத் திரும்பியது.

மறுநாள் மிலான் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன லோய்ஸே, உன் காட்டுக்கு இன்னும் முடி வெட்டலையா?"

"மெதுவாப் பேசு மிலான்," என்றார் அப்பா, மகளின் தோளை அணைத்துக்கொண்டு. "உள்ள குழந்தைங்க வளருது."