துப்பாமல் ஒரு மிடறு

அவள் பிழிந்து கொடுத்த சாத்துக்குடி ஜூஸை அவன் 'ஸ்ர்ர்ப்' என்று சத்தம் வர உறிஞ்சினான். கண்களை மூடிக்கொண்டு வாய்க்குள் இப்படியும் அப்படியும் உருட்டினான். அப்புறம்... சட்டென்று திரும்பித் தெருவோரச் சாக்கடையில் துப்பினான்!

மாடத்திக்குக் காது மடல் வரை சூடேறியது.

மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து பஜாருக்குத் திரும்பும் முனையில் இருந்தது அவள் அப்பா சங்கிலிப்பாண்டியின் கூல் பார். தமிழர்களைப் 'பாண்டி' என்று கேலி செய்யும் ஊர் அது. தன் பெயரே அதுவாக இருந்ததால் அப்பாவுக்குக் கோபப்படவும் வழியில்லை; போர்டில் பெரிதாக 'பாண்டி கூல் பார்' என்றே எழுதி வைத்துவிட்டார். அந்தப் போர்டுக்குக் கீழே நின்று இதுவரை யாரும் ஜூஸைத் துப்பியதில்லை.

அப்பா பழம் எடுக்க எர்ணாகுளம் போயிருந்தார். எண்பத்தொன்றாம் வருஷத்து இடவப்பாதிப் பருவமழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த சாக்கும் குறுமிளகும் கலந்த வாசனை தெருவெல்லாம்...

"எந்தா சேட்டா, ஜூஸ் கொள்ளில்லே?" என்றாள், நல்லா இல்லையா என்ற அர்த்தத்தில்.

பழக்க தோஷம், மன்னிக்கணும் என்று அவனும் மலையாளத்திலேயே வழிந்தான்.

"பழக்கமாம்... எருமைமாடு தண்ணி குடிச்ச மாதிரி ஒரு சத்தம் வேற," என்று தமிழில் முணுமுணுத்தபடி அவள் கிளாஸைக் கழுவத் திரும்பினாள்.

"எருமை துப்பாதுங்க."

தமிழ்! அதுவும் வீட்டில் அப்பா பேசும் அதே திருநெல்வேலித் தமிழ். மாடத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நல்ல தேயிலையில் இறங்கிய சாயம் போல் பழுப்பு நிறக் கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் சிரித்தன.

"நான் சுப்புராஜ். பின்னால தேயிலைக் கம்பெனியில டேஸ்டிங் ரூம்ல இருக்கேன். காலையிலேருந்து கோப்பை கோப்பையா உறிஞ்சித் துப்புததுதான் வேலை. முழுங்கினா ருசி குழம்பிரும், தூக்கமும் போயிரும். அதான் ஜூஸையும் மறந்து..."

"வீட்டுல ரசத்தையும் துப்புவீங்களோ?"

"ஒரு தடவை துப்பி அம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உங்க பேரு?"

"மாடத்தி."

"என் அத்தை பேரு! அத்தைன்னே கூப்பிடவா?"

"கூப்பிட்டா கிளாஸ் பறக்கும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். இன்றிலிருந்து மூன்று வேளையும் அவனுக்கு ஜூஸ் மட்டும்தான் வேண்டுமாம். சோறு கிடையாது, சாயா கிடையாது. திங்கட்கிழமை வரை.

"திங்கக்கிழமை எனக்குப் பரீட்சை. எங்க தலைமை டேஸ்டர் லக்ஷ்மிநாராயணன் சார் கோப்பையை வரிசையா வெச்சு, எது எந்தத் தோட்டம்னு கேப்பாரு. சொல்லிட்டா நானும் டேஸ்டர். இல்லைன்னா பழையபடி குடோன்ல பெட்டி தூக்கணும். ரெண்டு நாள் ஜூஸ்லயே இருந்தா உடம்புல உள்ள அழுக்கெல்லாம் போயி, நாக்கு பச்சைப்பிள்ளை நாக்கு மாதிரி ஆயிருமாம். எர்ணாகுளத்துல ஒரு இயற்கை வைத்தியர் மேடையில சொன்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க."

"கைதட்டினா உண்மை ஆயிருமா?" ஹோம் சயின்ஸ் பட்டம் வாங்கிய மாடத்திக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "உடம்பைக் கழுவுத வேலையை ஈரலும் சிறுநீரகமும் நீங்க பொறந்த நாள்லேருந்து பாக்குது. ஒரு நாள் லீவு கேட்டதில்லை. ரெண்டு கிளாஸ் ஜூஸ் வந்து புதுசா என்னத்தைக் கழுவப்போகுது?"

"அப்போ லாபமே கிடையாதா?"

"எண்ணெய்ப் பலகாரமும் பீடியுமா இருக்கிறவங்களுக்கு வயிறு கொஞ்சம் ஓய்வெடுக்கும். அது லாபம்தான். நஷ்டம்னா தலைவலி, கிறக்கம், யாரைப் பாத்தாலும் கடிக்கத் தோணும்..."

"நாக்குக்கு?"

அவள் நின்றாள். நாக்குக்கு... என்ன ஆகும்? அவள் படித்த எந்தப் பாடத்திலும் அது இல்லையே!

"தெரியலை," என்றாள் மெதுவாக. தெரியாத ஒன்று எதிரே வந்து நின்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. "நானும் ஜூஸ்லயே இருந்து பாக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துருவோம்."

"பந்தயமா?"

"பரிசோதனை."

"சரி, எனக்கு அன்னாசி. அதுதான் நாக்கைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுமாம்."

மாடத்தியின் கை கத்தியோடு நின்றது. அன்னாசிச் சாறு இறைச்சியையே இளக வைக்கும் என்று சமையல் வகுப்பில் செய்தே பார்த்திருக்கிறாள். வெறும் வயிற்றில் அதையே குடித்தால் நாக்கு...

சொல்லிவிடலாம். சொன்னால் இந்த ஜூஸ் விரதமே வேண்டாம் என்று போய்விடுவான். போனால், நாளைக்கு ஏன் வரப்போகிறான்?

இமையில் இருந்த துளி இப்போது அவன் கன்னத்தில் இறங்கியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் அன்னாசியின் தோலைச் சீவினாள்.

மறுநாள் காலை, மத்தியானம், சாயங்காலம்... மழையைப் போலவே அவனும் வந்தான்.

"தலைவலி?" என்பாள்.

"இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும். நாக்கை நீட்டுங்க. என்னோடது வெள்ளை படிஞ்சிருக்கு."

"நடுத்தெருவுல நின்னு நாக்கை நீட்டினா கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்காதுங்க."

எதிர்ச் சந்திலிருந்து பிரியாணி வாசனை வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏலக்காய் தூக்கலா இருக்கு," என்றாள் அவள்.

"நெய் இப்பத்தான் விட்டிருக்கான்," என்றான் அவன். "பசி மூக்குல வந்து உக்காந்திருக்கு!"

"இது லாபக் கணக்கு!" என்று அவள் கைகொட்டினாள். அவன் அவளையே பார்த்தான். அந்தக் கணத்தில் பசி எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜூஸைச் சாக்கடையில் துப்பியவனைப் பற்றிப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார்; அன்று சங்கிலிப்பாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏட்டி, சோறு வேண்டாங்கே. தட்டைத் தொட மாட்டேங்கே. என்ன நடக்கு?"

"பரிசோதனைப்பா."

"யாரை?"

மாடத்தி ஐஸ் உடைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவன் சிரிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. பேசும்போது நாக்கு நுனி இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது.

"டேஸ்டிங் ரூம் சாவி வாங்கி, தனியா கோப்பை வெச்சுப் பாத்தேன். நீலகிரி, மூணாறு எல்லாம் ஒரே ருசி. நெருப்பு ருசி." கிளாஸை நகர்த்தி வைத்தான். "பச்சைத்தண்ணி கூட எரியுதுங்க. உங்களுக்கு எப்படி?"

அவள் குடித்ததெல்லாம் தர்பூசணியும் சாத்துக்குடியும். வெள்ளை படிந்த நாக்கு... அவ்வளவுதான். இதற்குமேல் மறைக்க முடியாது.

"அன்னாசிதான் காரணம். அது நாக்கை அரிச்சிரும்."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"...முதல் நாளே தெரியும்."

அவன் முகம் வெளுத்தது. "ஏன் சொல்லலை? ஜூஸ் விக்கணும், அதானே?"

மாடத்தியின் கண்களில் சுரீரென்று நீர் முட்டியது. காரணத்தைச் சொல்வதா? விற்பனைக்காக என்று நினைத்தவனிடமா? மாட்டேன்!

"ஆமா. கடைன்னா விக்கத்தான் செய்வாங்க," என்றாள்.

அவன் மழையில் இறங்கிப் போனான். அவள் குடை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் பிடிவாதம் விடியும்வரைதான் தாங்கியது. குடோனில் பெட்டி தூக்கும் அவனை நினைத்த மாத்திரத்தில் அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். உப்பில்லாத கஞ்சி. மிளகாய் கூடாது, புளி கூடாது. தேங்காய்ப்பால் மட்டும். நன்றாக ஆறவைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கம்பெனி வாசலுக்கு ஓடினாள்.

காவலாளி நாணு மேலும் கீழும் பார்த்தான். "ஆருடெ கஞ்சியா மோளே?"

"சுப்புராஜினு. ஆரு தந்ததுன்னு பறயண்டா," என்று, கொடுத்தது யாரென்று சொல்ல வேண்டாமெனக் கேட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு.

அன்றைக்குப் பகல் நகரவே இல்லை. படகு ஒவ்வொன்றாக வந்தது, போனது. மழை வெறித்து மஞ்சள் வெயில் அடித்தபோது கவுண்டரில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. கழுவிக் கவிழ்த்த தூக்குவாளி. பின்னால் அவன்.

"வாளியில 'பாண்டி கூல் பார்'னு பேரு வெட்டியிருக்கு. நாணு சேட்டன் வாயை மூடி என்ன பிரயோசனம்?"

"பரீட்சை..." அவளுக்கு மூச்சே அதில்தான் நின்றிருந்தது.

"கஞ்சி குடிச்சேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கிச்சு. மேஜை முன்னால நின்னேன். முதல் கோப்பையை உறிஞ்சினேன்... ஊகம்தான் வந்துது. ருசி வரலை. அப்படியே சொல்லிட்டேன், சார், இன்னைக்கு என் நாக்கு பேசலை, சொன்னா பொய்யாத்தான் இருக்கும்னு."

"அய்யோ..."

"சார் என் நாக்கைப் பாத்தாரு. 'என்னடா, அன்னாசியோ?'ன்னு ஒரே சிரிப்பு. 'ஊகிச்சுச் சொல்லியிருந்தயானா நேரே குடோன்தான். போ, ஒரு வாரம் ஒழுங்காச் சாதம் சாப்ட்டுட்டு வா'ன்னுட்டாரு."

மாடத்தி கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்... அவள்?

"லாபம், நஷ்டம் கேட்டீங்களே," என்றாள், எலுமிச்சைக் கூடையைப் பார்த்தபடி. "நஷ்டம் உங்க நாக்கு. அது என்னால. லாபம்... ஒரு நாளைக்கு மூணு தடவை நீங்க வந்தீங்க. அன்னாசி கெடுதல்னு சொன்னா வர மாட்டீங்களேன்னுதான்... விக்கதுக்கு இல்லை."

அவள் நிமிரவில்லை. அப்பாவுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்கை எடுத்து ஒரு கிளாஸில் சாயா ஊற்றி, ஆற்றி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

'ஸ்ர்ர்ப்...'

கண்களை மூடினான். வாய்க்குள் உருட்டினான். மாடத்தியின் பார்வை தானாகச் சாக்கடைக்குப் போனது.

"இஞ்சி... தட்டிப் போட்டிருக்கு. இலை ரொம்ப மட்டம். வெறும் தூள்."

"எரியுதா?"

"பயங்கரமா."

"அப்ப துப்புங்களேன்!"

அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. தேயிலைச் சாயக் கண்கள் திறந்து அவளை நேராகப் பார்த்தன.

"முழுங்கிட்டேன் மாடத்தி. கம்பெனியில சேர்ந்ததிலேருந்து நான் முழுங்கின முதல் சாயா. இனிமே தினமும் இதையே முழுங்கணும்னா... உங்க அப்பாகிட்ட நான் பேசணுமா, நீங்க பேசுதீங்களா?"

அவள் முகம் சிவந்து, தாவணி நுனி விரலில் சுற்றிச் சுற்றி முடிச்சாகியது.

கடைக்குள் பழப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டியின் குரல் வந்தது. "ஏட்டி, யாரு? அந்தத் துப்புத பயலா?"

"ஆமாப்பா," என்றாள் மாடத்தி, அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஆனா... இன்னைக்குத் துப்பலைப்பா."