முப்பத்தோரு மீட்டர்

திங்கள் காலை 6:50. நண்டுக்கூண்டைத் தூக்கிப் பார்க்க ஆற்றோரச் சேற்றில் இறங்கிய நாகையா, அலையாத்தி வேர்களில் சிக்கிக் கிடந்த உடலைக் கண்டார். கூண்டை அப்படியே போட்டுவிட்டுக் கரை ஏறி, போலீசை அழைத்தார்.

கிள்ளானுக்கு மேற்கே, ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது தெலோக் பெரெம்பாங் கம்பம் என்னும் கிராமம். இறந்தவர் பரமேஸ்வரன், பிரிக்பீல்ட்ஸ்காரர், வயது அறுபத்திரண்டு. ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்த மனிதர், மிச்ச நாளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கழிக்க ஆசைப்பட்டு, நான்கு மாதத்துக்கு முன்பு இந்த ஆற்றோர நிலத்தை வாங்கியிருந்தார்.

7:40. இன்ஸ்பெக்டர் மஜீதா கரையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். ஆள் உயரச் சரிவு. உடலின் பின்மண்டையில் காயம். வலது கையின் நடுவிரலில், அளவு நாடாவின் நுனி வளையம் மாட்டியிருந்தது. நாடா சரிவில் ஏறி, ஆற்றோர எல்லைக்கல்லைத் தொட்டுக்கொண்டு, புல்வெளியைக் கடந்து, சாலையோர எல்லைக்கல் பக்கம் போனது. அங்கே நாடாவின் பெட்டி தனியாகக் கிடந்தது. கல்லிலிருந்து பெட்டி வரை நாலடி தூரத்துக்குப் புல் படுத்திருந்தது. நாடா பூட்டப்பட்டிருந்த அளவு: முப்பத்தோரு மீட்டர்.

"வேலி போட அளந்திருப்பாரு, வழுக்கிட்டாரு புவான்," என்றார் நாகையா.

"நேத்து சாயங்காலம் தண்ணி எப்படி அண்ணே?"

"அஞ்சு மணிக்கு அடி வத்தல். ஏழே காலுக்கெல்லாம் இந்த வேர மூடிடும்."

"கரை மேல ஏறுமா?"

"ஏறாது புவான். கரையத் தின்னும், மேல ஏறாது."

மஜீதா ஆற்றோரக் கல்லின் அருகே குந்தி, புல்லை விலக்கினார். கல்லின் இடுப்பு வரை, விரல் நகம் அளவில் வெள்ளைச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. படகின் அடியிலும் பாலத்தின் காலிலும் ஒட்டுமே, அதே சிப்பி. ஒன்றைப் பெயர்த்து எடுத்து உறையில் போட்டுக்கொண்டார்.

10:30. மனைவி புஷ்பவல்லி வந்து சேர்ந்தாள். கூடவே அவள் தம்பி விமலன். சுங்கை வேயில் இருப்பவன், நிலத் தரகு செய்பவன். இந்த நிலத்தை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அக்காவின் தோளைப் பிடித்தபடியே நின்றான்.

"நேத்து எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் மஜீதா.

"செலாயாங்ல புவான். கடைவீடு ஒண்ணு காட்டப் போனேன். நாள் பூரா அங்கதான்."

"இங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

"மாமா பேருக்கு மாத்துனப்ப. அதோட சரி லா."

மஜீதா புஷ்பவல்லியிடம் திரும்பினார். "அக்கா, நேத்து சாயங்காலம் 4:58க்கு அவரு உங்களுக்குப் போன் பண்ணியிருக்காரு. என்ன சொன்னாரு?"

அவள் முதலில் தம்பியைப் பார்த்தாள். பிறகு தரையை.

"ராத்திரிக்குள்ள வந்துடுறேன்னாரு. அவ்ளோதான்."

"அப்புறம் 5:40க்கு நீங்க கூப்பிட்டிருக்கீங்க."

"எடுக்கல. தம்பிகிட்ட சொன்னேன். அங்க லைன் கிடைக்காது, தங்கிட்டு வருவாரு, கவலப்படாதன்னான்."

2:15. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. மஜீதா கேட்டு முடித்துவிட்டு, நிலத்தின் வரைபடத்தை வரவழைத்தார்.

4:00. நிலையத்தின் பின்னறை. மேசை மேல் நிலத்தின் வரைபடம். எதிரே அக்காவும் தம்பியும்.

"நாடாவோட வளையம் அவரு விரல்ல இருந்துச்சு," என்று தொடங்கினார் மஜீதா. "தனியா அளக்குற ஆளு வளையத்த ஆணியில மாட்டிட்டு, பெட்டிய எடுத்துக்கிட்டு நடப்பாரு. இங்க பெட்டி சாலை பக்கம் சும்மா கிடந்துச்சு."

"பெட்டிய அங்க வச்சுட்டு நுனிய இழுத்துட்டுப் போயிருப்பாரு," என்றான் விமலன்.

"போக முடியாது. அவரு விழுந்தப்ப பெட்டி நாலடி இழுபட்டிருக்கு, புல்லு படுத்திருக்கு. பிடிக்க ஆளில்லாத பெட்டி கூடவே வந்துடும். முப்பத்தோரு மீட்டர் இழுக்குற வரைக்கும் யாரோ அதப் பிடிச்சிருந்தாங்க. பூட்டுனாங்க. அப்புறம் கீழ வச்சுட்டு அவருகிட்ட நடந்து போனாங்க."

மஜீதா வரைபடத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"சாலைக்கல்லுல இருந்து ஆத்துக்கல்லுக்கு நாப்பத்தெட்டு மீட்டர்னு இதுல இருக்கு. பாக்கிப் பதினேழு மீட்டர ஆறு தின்னுடுச்சு. உண்மையான கல்லு பல வருஷமா தண்ணிக்குள்ள நின்னுச்சு. அதான் தண்ணியே ஏறாத கரை மேல நிக்கிற கல்லுல சிப்பி ஒட்டியிருக்கு. யாரோ சேத்துல இருந்து பிடுங்கி மேல நட்டிருக்காங்க. வாங்குறவரு கல்லப் பாப்பாரு, அளக்க மாட்டாருன்னு நெனச்சு."

"பழைய சொந்தக்காரன் செஞ்சிருப்பான் புவான்."

"நில ஆபீஸ்ல கேட்டேன். பழைய சொந்தக்காரன் உங்க கூட்டாளி. பணம் போட்டது நீங்கதான்னு அவனே சொல்லிட்டான்."

விமலன் வரைபடத்தைத் திரும்பத் தள்ளினான். சொன்னான்: "நேத்து நான் அங்க இல்ல."

மஜீதா அவனை விட்டுவிட்டுப் புஷ்பவல்லியிடம் மெல்லச் சொன்னார்.

"அக்கா, மண்டை அடியில அவரு சாகல. காயம் நல்லா வீங்கியிருக்கு. மூச்சுக்குழாய்ல சேறு. 5:40க்கு முன்னாடியே விழுந்துட்டாரு, அதான் உங்க போன எடுக்கல. தண்ணி முகத்துக்கு வந்தது ஏழு மணிக்கு மேல. அதுவரைக்கும் உயிரோட கிடந்தாரு. யாராச்சும் ஒரு போன் பண்ணியிருந்தா போதும்."

புஷ்பவல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுத்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"போன்ல இவன் குரல் கேட்டுச்சு புவான். 'மாமா, நுனிய இறுக்கிப் பிடிங்க'ன்னு சொன்னான். செலாயாங்ல இருந்தேன்னு இவன் சொன்னப்ப... நான் வாயத் தொறக்கல."

"அக்கா..." என்றான் விமலன்.

"நம்ம வீட்டுப் பிள்ளை. போனவரு போயிட்டாரு, இவனாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன். அவரு உயிரோட கிடந்தாருன்னு எனக்குத் தெரியாதே."

விமலன் முகத்தை மூடிக்கொண்டான். "அந்த நிலத்த என் தலையிலயும் ஏமாத்தித்தான் கட்டுனாங்கக்கா. நீங்க அங்க வீடு கட்டி இருந்துக்குவீங்க, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். மாமா சட்டையப் பிடிச்சாரு. தட்டிவிட்டேன், அவ்ளோதான். செத்துட்டாருன்னு பயந்து..."

"இறங்கிப் பாத்தியா?" மஜீதா கேட்டார்.



புஷ்பவல்லி எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"சத்தம் கேட்டுச்சாடா?"

அவன் ஆமென்று தலையசைத்தான். "உன் பேரச் சொன்னாரு."

அவள் அடிக்கவில்லை. கையை ஓங்கக்கூட இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல் வரை நடந்து போனாள்.

5:30. மஜீதாவே காரை ஓட்டினார். கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் புஷ்பவல்லியின் மாடிவீட்டின் கீழே கார் நின்றதும் கதவைத் திறந்தாள். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அம்மா செத்தப்ப அவனுக்கு ஆறு வயசு புவான். எங்களுக்குப் பிள்ளை இல்ல. இவருதான் அவனத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டாரு."

மஜீதா இஞ்சினை நிறுத்தினார்.

"அங்க அவனுக்குச் சாப்பாடு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அக்கா."

"மீனுன்னா முள்ளு எடுத்துக் குடுக்கணும். அவனுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கி நடந்தாள்.