நோபேட்டின் சிவப்பு பல்பு

யேசுவின் திருஇருதயப் படத்தின் கீழ் எரியும் சிவப்பு பல்பு அன்று மாலை கொஞ்சம் கூடுதலாக எரிவதைச் செலீன் கண்டாள்.

அது வீட்டு மின்சாரத்தில் எரிவதில்லை. கெமிஸ்ட்ரி ரியூஷன் கொடுக்கும் அவள் கணவன் நோபேட், வீட்டின் பின்னால் ஓடும் வெள்ளவத்தைக் கால்வாயின் சேற்றையும் கழிவுநீரையும் மிட்டாய்ப் போத்தல்களில் நிரப்பி, காபன் துணியும் வயரும் இறக்கி அதை எரிய வைத்திருந்தான். "சேத்துக்குள்ள இருக்கிற கிருமியள் அழுகினதைத் தின்னும். தின்னேக்க கறண்ட் வரும். சாப்பாடு கூடினா வெளிச்சமும் கூடும்" என்பான்.

போன கிழமை, ஹெவ்லொக் டவுனில் வகுப்பு முடிந்து வந்தவனை ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பொலிசில் கேட்டாள், இராணுவ முகாம் வாசல்களில் நின்றாள். எவருக்கும் ஒன்றும் தெரியாதாம். அன்றே படத்தின் முன் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். அவர் வரும்வரை இந்த விளக்கு அணையாது. இது எரியும்வரை அவர் உயிரோடு இருக்கிறார். அதற்காகவே தினமும் பின்படியில் இறங்கி, வாளியில் கால்வாய்த் தண்ணீர் மொண்டு வந்து போத்தல்களுக்கு ஊற்றினாள்.

"பிள்ளை, விளக்கு கூடி எரியுதென்ன?" என்றாள் நோபேட்டின் தாய், மாமி புளோறன்ஸ். கண்ணில் புரை விழுந்த அவளுக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரியும்.

"ஓம் மாமி."

"அவன் வாறான்."

செலீனுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை.

மறுநாள் பல்பு இன்னும் கூடி எரிந்தது. கால்வாயில் வழக்கமான சாக்கடை நாற்றத்துக்கு அடியில், இனிப்பும் புளிப்புமாக வேறொரு மணம் மூக்கில் ஏறி, சோற்றில் கை வைக்கும்போதும் தலையணையில் முகம் புதைக்கும்போதும் விடாமல் கூடவே வந்தது. தூரத்துப் பாலத்தடியில் காகங்கள் வட்டமிட்டன. அதற்கடுத்த நாள் அவை பக்கத்து வீட்டு மதிலில் இருந்தன.

"கிட்ட வந்திட்டான்" என்றாள் மாமி.

வாளியோடு படியில் நின்றபோதுதான் நோபேட் சொன்னது நினைவுக்கு வந்தது. சாப்பாடு கூடினா வெளிச்சமும் கூடும். கால்வாயில் புதிதாக என்ன சாப்பாடு?

வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். பல்பு மங்கிக்கொண்டே போனது. அணையப் போகிறது. அணைந்தால் அவர் இல்லை. யேசுவே, நான் என்ன செய்ய?

திரும்பப் போய் மொண்டு வந்தாள்.

அன்று பொழுது பட்டதும் மழை பிடித்தது. குண்டு போடப் பிளேன் வருகிறதென்று நகரம் முழுவதும் விளக்கை அணைத்தார்கள். வெள்ளவத்தை இருண்டு கிடந்தது. இந்த அறை மட்டும் சிவந்தது. சுவர், கட்டில், மாமியின் முகம், எல்லாம் சிவப்பு.

கால்வாய் படியேறிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டது.

டொக்.

பின்கதவில். தாழ, கதவின் அடியில். கை தட்டுகிற உயரத்தில் இல்லை.

டொக்.

செலீன் வயரைப் பிடித்தாள். இழுத்தால் போதும். இழுக்க முடியவில்லை. இழுத்தால் அவரைத் தானே கொன்றதாகிவிடும். பல்பு இன்னும் கூடியது.

"கதவைத் திற பிள்ளை. அவன் பின்பக்கத்தால வந்திட்டான்."

"வேண்டாம் மாமி."

மாமி எழுந்தாள். இத்தனை வருடமாகச் சுவரைத் தடவித் தடவி நடந்தவள், அந்த வெளிச்சத்தில் எதையும் தொடாமல் நேரே நடந்தாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. அந்த மணம் வந்தது. மாமி குனிந்து, முந்தானையால் எதையோ மெல்லத் துடைத்தாள்.

"நல்லா நனைஞ்சு போனாய், ராசா."