சிவப்புக் கோடு வரைக்கும் தண்ணீர்

"பொய் சொல்லாதய்யா! நீதான் ஊத்துன!"

"நான் அந்த ரூம் பக்கமே போவல சரோஜா. நீ ஊத்திட்டு என்னிய இன்னாத்துக்கு பேஜார் பண்ற?"

படூர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. செருப்பைக் கழற்றிய மோகன் கதவைத் தட்டாமல் நின்றான். அக்காவும் மாமாவும் இப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. சண்டை, தண்ணீருக்காக.

காயத்ரியின் தண்ணீர்.

அவர்களுடைய ஒரே மகள். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய் நான்கு மாதம் ஆகிறது. அவள் அறையில் ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், பச்சையும் சிவப்புமாய்க் கடல்பாசி, அரிசி அளவு இறால்கள், சங்கைச் சுமந்து நடக்கும் குட்டி நண்டுகள். வாங்கிக் கொடுத்தவன் மோகன்தான்.

கண்ணாடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தாள். தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் மூலையிலிருக்கும் கேனில் எவர்சில்வர் டம்ளரை விட்டு நல்ல தண்ணீர் மொண்டு, கோடு வரைக்கும் ஊற்றுவாள்.

மாமா கோதண்டராமனுக்கு அது தெரியாது. மகள் போன பிறகு, ஞாயிறுதோறும் மாமல்லபுரம் போய் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினார். உப்பு ஏறிக்கொண்டே போனது. இறால்கள் வெளுத்து, ஒவ்வொன்றாகச் செத்தன. மோகன்தான் காரணத்தைச் சொன்னான். அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குள் நுழையவில்லை.

ஆனால் பத்து நாளாகத் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. மிச்ச இறால்கள் பிழைத்துவிட்டன.

அன்றிரவு அங்கேயே தங்கிய மோகன், யார் ஊற்றுவது என்று பார்க்க அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். காலை ஆறரை. ஹாலில் வெயில் விழுந்திருந்தது. சரோஜா பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே டம்ளர் கேனில் இடித்தது.

சளக்.

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். மெதுவாக. மிக மெதுவாக.

கதவிடுக்கில் கடல் வாடை.

"அவதாண்டா," என்றாள் சரோஜா.

திறந்தான். யாருமில்லை. டம்ளர் விளிம்பில் சொட்டுகிறது. தொட்டியில் தண்ணீர் சரியாகக் கோட்டில்.

கோதண்டராமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்த்துகினு பூடு மோகன். செத்தும் எம்பொண்ணு என் தப்பதான் சரி பண்ணிகினு கீது. என்னால தாங்க முடியல."

சரோஜா தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். புருஷன் முகத்தைப் பார்த்துத்தான் கையை எடுத்தாள்.

மோகன் தொட்டியைப் படாளத்திலிருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். கேனையும் டம்ளரையும் எடுக்க மறந்தான்.

படாளத்தில் தண்ணீர் இறங்குகிறது. அவனேதான் ஊற்றுகிறான். எட்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"தொட்டி வச்சிருந்த மேஜை தெனம் காலைல நனஞ்சி கெடக்குதுடா. ஒரு டம்ளர் தண்ணி. நான் தொடச்சிகினே கீறேன்."

"அக்கா..."

"தொட்டி இங்க இல்லன்னு அவளாண்ட யாருடா சொல்றது?"

மோகன் இன்னும் யோசிக்கிறான். தொட்டியைத் திருப்பி வைத்தால் மாமா தாங்கமாட்டார். வைக்காவிட்டால் அந்தப் பெண் காலி மேஜையில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். நீங்கள் அவனிடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கீழே எழுதுங்கள். அவன் படிப்பான்.